கேபிளைப் பிடித்திருந்த நாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

ஹார்ட் டிஸ்க் இன்று செத்துப் பிழைத்தது. நான் இத்தனை வருடம் மொழிபெயர்த்ததெல்லாம் அதில்தான். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களும் அதில்தான். வேறெங்கும் நகல் கிடையாது. எடுத்து வைக்க வேண்டும் என்று நானும் சொல்வேன், இவரும் சொல்வார். சொன்னதோடு சரி.

மகளைப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் அவள் என்னோடு பேசி ஒரு மாதமாகிறது. வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்ல ஓடி வந்தவளிடம், அவள் தோழிகள் முன்னாலேயே, "துணி மடிக்கத் தெரியாது, ஹாஸ்டல்ல என்ன பண்ணப் போறே?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து எல்லாம் அப்பா வழியாகத்தான். இன்று சாப்பிடும்போது, "அப்பா, உப்பு அவங்க பக்கத்துல இருக்கு" என்றாள்.

அவங்களாம்!

ஜூன் 5, வியாழன்

இவர் புது டிஸ்க் வாங்கி வந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்.

பழையதை மாட்டினால் விளக்கு எரிகிறது, அணைகிறது. கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்து விரலால் அமுக்கினால் மட்டும் நிற்கிறது. புதியதோடு வந்த கேபிள் இதில் நுழையாது, அளவு வேறு. "கோணம்தான் முக்கியம்" என்றார் இவர், நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி. துணி க்ளிப், ரப்பர் பேண்டு, என் கனத்த அகராதி - மூன்றையும் வைத்து ஒரு கட்டுமானம் எழுப்பினார். மகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் யாரோ நாற்காலியை இழுக்க, மொத்தமும் சரிந்தது.

யாரோ என்ன யாரோ. நான்தான்.

ஜூன் 6, வெள்ளி

இவர் லீவு போட்டுவிட்டுக் கேபிளைப் பிடித்தார். சோறு ஊட்டாத குறை. மதியம் போய்ப் பார்த்தால் விரல் கேபிளில், தலை மேஜையில், குறட்டை. நகலெடுப்பது எப்போதோ நின்றிருந்தது. பதவி நீக்கம் செய்தேன்.

ஜூன் 7, சனி

காலையில் மகள் தானாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அப்பா, நான் புடிக்கிறேன்னு சொல்லிடுங்க." அப்பா குளியலறையில் இருந்தார். நான் மவுஸை எடுத்துக்கொண்டேன்.

வீடியோ ஒன்று தவறுதலாகத் திறந்துகொண்டது. நாலு வயதில் அவள், கேமராவுக்கு மிக அருகில், மூக்கு மட்டும் தெரிய: "எங்கம்மா பாடுவாங்க. அப்பா கதவ சாத்திடுவாரு."

அவள் சிரித்த சிரிப்பில் கேபிள் நழுவி, மறுபடி முதலிலிருந்து.

"அப்பவே நான் உண்மைதான் பேசிருக்கேன்" என்றாள். யாரிடம் என்று சொல்லவில்லை. அறையில் என்னைத் தவிர யாருமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கத்தரிக்கோல் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தேன். மேலாகவே ஒரு கேபிள். முன்பு எப்போதோ தூக்கிப்போட்ட டிஸ்க்குடையது. சும்மா மாட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. விரலை எடுத்தேன். எரிந்துகொண்டே இருந்தது!

ஆக, டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. கேபிள்தான் கோளாறு. மூன்று பேர் படித்த வீடு.

கழற்றினேன். சுருட்டி, இழுப்பறையின் அடியில், பழைய ரசீதுகளுக்குக் கீழே வைத்தேன். ஏன்? தெரியாதா எனக்கு? பழைய கேபிளை மாட்டி அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "யாராவது மவுஸைப் பாக்கணும்" என்று பொதுவாகக் குரல் கொடுத்தேன். வந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "நான் போறதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு அடுப்பில் ஏதாவது தீயும். இன்று எழுந்திருக்க முடியாது, விரல் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"வீடு சத்தமில்லாம போயிடும்டி."

"இந்த மாசம் பூரா அப்படித்தானே இருந்துச்சு?"

"பழகிப் பாத்தேன். பிடிக்கல."

என் கையை மெல்லத் தள்ளிவிட்டு, "உனக்கு விரல் வலிக்கும், குடு" என்று கேபிளை வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 9, திங்கள்

முடிந்தது. எல்லாம் புதியதில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மெதுவாக முடிந்திருக்கலாம்.

ஜூன் 21, சனி

நாளை கிளம்புகிறாள். பெட்டிக்குள் துணிகள் பந்து பந்தாகக் கிடக்கின்றன. நான் வாயைத் திறக்கவில்லை.

என் அறைக்கு வந்தவள் இழுப்பறையைத் திறந்து, நேராக ரசீதுகளுக்கு அடியில் கைவிட்டு, அந்தக் கேபிளை எடுத்தாள். தேடவேயில்லை.

"பழைய டிஸ்க்க நான் எடுத்துட்டுப் போறேம்மா. அதுக்கு இது வேணும்ல?"

எனக்குக் காது சூடானது. "உனக்கு எப்போ தெரியும்?"

"அப்பா க்ளிப் மாட்டின அன்னிக்கே. நீ தூங்கினப்புறம் போட்டுப் பாத்தேன். உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"தெரியும். நான் மேலதான் வெச்சிருந்தேன். அடியில போயிருந்துச்சு."

"அப்பா பாவம்டி. லீவெல்லாம் போட்டாரு."

"அவரு எவ்ளோ சந்தோஷமா இருந்தாரு. நான் ஏன் கெடுக்கணும்?"

பக்கத்து அறையில் இவர் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கடைக்குக் கொண்டுபோயிருந்தால் டிஸ்க்கே போயிருக்குமாம். எல்லாம் கோணத்தில்தான் இருக்கிறதாம்.

நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு துணி மடித்தோம். அவள் மடித்ததை நான் பிரித்து மடிக்கவில்லை.