செகண்ட் ஹேண்ட் சமையலறையும் நாலு வாளித் தண்ணீரும்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் கடை இட்லி. அண்ணனூர் ஸ்டேஷன் ஓரத்துக் கடை இட்லியை உருட்டிவிட்டால் ஆவடி வரைக்கும் நிற்காமல் போகும். வழியில் யார் காலிலாவது மோதினால் கேஸ் என் மேல் வரும் என்பதால் தின்று தீர்த்தேன்.

சரசா அக்கா வீட்டை விட்டுப் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. அடித்தட்டிலிருந்து அரிசி டப்பாவை இழுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் பலாப்பழம் ஆயிற்று. குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநிமிஷமே சௌம்யா தன் அம்மாவைக் காரில் ஏற்றி நூம்பல் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். மகள், உரிமை இருக்கிறது. தம்பிக்கு என்ன உரிமை? இருபது வருஷம் உட்கார்ந்து சாப்பிட்ட உரிமை.

சாயங்காலம் சௌம்யா போனில் தீர்ப்பு வாசித்தாள். "மார்ச் கடைசி வரைக்கும் டைம் தர்றேன் மாமா. அதுக்குள்ள அம்மா குனியாம, நின்னுகிட்டே சமைக்கிற மாதிரி கிச்சனை மாத்து. முடியலேன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நீயும் இங்க வந்துடு. ஹால்ல படுத்துக்கலாம்."

ஹாலில்! முப்பத்திநாலு வருஷம் கார் ஷெட்டில் மின்சார ரயில்களுக்கே வைத்தியம் பார்த்த இந்தக் கஜபதி, செருப்பு ஸ்டாண்டுக்கு அண்டை நாட்டானாக!

பிப்ரவரி 9, ஞாயிறு

புது மாடுலர் கிச்சன் போட எவ்வளவு என்று அம்பத்தூரில் ஒரு கடையில் கேட்டேன். சொன்னான். நாற்காலி கொடு என்றேன்.

பிறகு போனில் தேடி ஒரு செகண்ட் ஹேண்ட் பிடித்தேன். வேலப்பன்சாவடியில் ஒரு ஃபிளாட். நிர்மல் என்று ஒரு கண்ணாடிக்காரர், ஆறு வருஷத்துக்கு முன் போட்ட சமையலறையைக் கழற்றிப் புதுசு போடுகிறார். டிராயர் டிராயராக இழுக்கலாம், குனியவே வேண்டாம். நிறம் மட்டும் ஆரஞ்சு. விமானத்துக்குச் சிக்னல் கொடுக்கிற ஆரஞ்சு.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் கழட்டறீங்க?"

"வைஃபுக்குக் கலர் பிடிக்கல சார்."

"ஆறு வருஷமாவா பிடிக்கல?"

"அஞ்சு வருஷம் பிடிச்சுது சார்."

அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தும் பேரம் பேசினேன். பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே படிந்தது. பென்ஷன்காரனுக்கு அதுவே இமயமலை.

பிப்ரவரி 12, புதன்

குட்டி யானை வண்டியில் என் சமையலறை ஊர்வலம் வந்தது. வேலப்பன்சாவடியிலிருந்து அண்ணனூர் வரைக்கும் டிராயர்கள் மேல் ராஜாவைப் போல் நானும் உட்கார்ந்து வந்தேன். ராஜாவின் இடுப்பு போய்விட்டது. இறக்கும்போது அடியில் இருந்த பிளாஸ்டிக் கால்கள் பாதி உடைந்தன. யாரைத் திட்ட? இறக்கியவர்களில் நானும் ஒருவன்.

பிப்ரவரி 17, திங்கள்

அய்யாசாமி வந்தார். திருமுல்லைவாயிலில் தச்சு வேலை பார்ப்பவர். சுவரில் அளவுகோலை வைத்தவர் வைத்தபடியே நின்றார்.

"இன்னா சார், செவுரு இப்டி வளைஞ்சிக்கினு போவுது?"

"அது கூவத்தோட கிளை அய்யாசாமி. பார்த்து இறங்குங்க, ஆழம் ஜாஸ்தி."

சிரிக்கவில்லை. காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு, "காலெல்லாம் ஒட்ஞ்சி கீது. புதுக்காலு வாங்கினு வரியா, தரையிலயே குந்த வெச்சிடவா?" என்றார்.

கையிருப்பை நினைத்துப் பார்த்தேன். குந்த வையுங்கள் என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

வீடு முழுக்க மரத்தூள். தும்மினதில் ஓடு பறந்தது. (நம் வீடு கான்கிரீட். அப்படியும் பறந்தது.)

பிப்ரவரி 22, சனி

அக்காவே போன் செய்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். விருந்து என்றேன். நம்பவில்லை.

"அங்க எப்படி இருக்கு?" என்றேன்.

"என்னடா குறைச்சல். சமைக்க ஒருத்தி வர்றா, தொடைக்க ஒருத்தி வர்றா. எனக்கு ஒரு வேலையும் இல்ல கஜா. உட்கார்ந்திருக்கிறதே பெரிய வேலையா இருக்கு."

"அப்போ வந்துடுவியா?"

"பார்க்கலாம்டா."

பார்க்கலாம் என்றால் என்ன? வருவாளா, மாட்டாளா? சரசா அக்கா இந்தச் சொல்லை வைத்து ஒரு காலத்தில் வீட்டுக்காரரை ஆறு வருஷம் காத்திருக்க வைத்தவள். ஒரு ஸ்கூட்டருக்காக.

பிப்ரவரி 26, புதன்

முடிந்தது! மைசூர் அரண்மனைக்காரர்கள் பார்த்தால் தங்கள் அரண்மனையை இடித்துவிட்டு வந்து நம்மிடம் அளவெடுப்பார்கள். மூன்று வரிசை டிராயர். விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு வருகிறது. நாற்பது தடவை இழுத்து மூடினேன்.

கிளம்பும்போது அய்யாசாமி சொன்னார்: "தோ பாரு சார், இது மரம் இல்ல. மரத்தூளப் பசை போட்டு அமுக்கின பலகை. ஈரத் துணில தொட, போதும். தண்ணி ஊத்தினே, அவ்ளோதான்."

நானே ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவன். அதனால் பிறர் எதைச் சொன்னாலும் முக்கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவேன். தலையாட்டி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் சௌம்யாவும் பார்க்க வருகிறார்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

வெள்ளிக்கிழமை. அக்கா இருந்திருந்தால் விடியும்போதே சமையலறையைத் தண்ணீர் விட்டு அலசியிருப்பாள். வந்து பார்க்கும்போது பழைய தூசி இருந்தால் என்ன நினைப்பாள்? நாலு வாளி. துடைப்பத்தால் தள்ளித் தள்ளிக் கழுவினேன். மூலைகளில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். தரை கண்ணாடி. முதுகு இரண்டு துண்டு.

மார்ச் 1, சனி

போச்சு.

எல்லாம் போச்சு. காலையில பார்க்கிறேன், அடிப்பலகை பூரா உப்பிக் கிடக்கு. ஓரத்தில் மைக்கா பிளந்து வாயைத் திறந்துகிட்டு நிக்குது. அடி டிராயர் மூணும் அசையல. இழுத்தேன், பிடி கையோட வந்துடுச்சு. அந்த ஆளு அவ்வளவு தெளிவாச் சொன்னாரே! முக்கால் பங்கைக் கழிக்கிறானாம், பெரிய புத்திசாலி. யாரு ஊத்தச் சொன்னா? யாரு?

டேபிள் ஃபேனை வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் இன்னும் கொஞ்சம் உப்பியது. வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? என்ன காரணம் சொல்வது? அண்ணனூரில் பூகம்பம் என்றா?

மார்ச் 2, ஞாயிறு

வந்தார்கள். அடிப்பகுதியை மறைத்து ஒரு பூப்போட்ட போர்வையைத் திரைச்சீலை போலத் தொங்கவிட்டிருந்தேன். நான் பிரமாதம் என்று நினைத்தது அரை நிமிஷம் தாங்கியது. சௌம்யா நுனியைத் தூக்கினாள்.

"என்ன மாமா இது, பூரி மாதிரி?"

சொன்னேன். முதல் தடவையாக ஒன்றையும் கூட்டாமல் சொன்னேன். நாலு வாளி, நாலே வாளி.

"உன்னை என்ன பண்றது மாமா? மரப்பலகை மேல யாராவது வாளி வாளியா ஊத்துவாங்களா? அம்மா, கிளம்பும்மா."

அக்கா கிளம்பவில்லை. கைத்தடியை மேடையில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைன்னு கழுவினியா?"

"ஆமாக்கா."

அக்கா மகளிடம் திரும்பினாள். "நான் இருந்திருந்தா நானும் கழுவித்தாண்டி இருப்பேன். அவனை ஏன் திட்டறே?"

மேல் டிராயரை இழுத்தாள், வந்தது. நடு டிராயர், வந்தது. அடி டிராயரைத் தடியால் தட்டினாள். கல் மாதிரி சத்தம்.

"இது எனக்கு எதுக்கு? குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அடியோட வெட்டிட்டு, கீழ செங்கல் கட்டிக் கடப்பா கல்லு போடச் சொல்லு. எவ்வளவு வேணா கழுவிக்கலாம். மேடை மட்டும் ரெண்டு விரக்கடை இறங்கணும், எனக்கு எட்டல."

போர்வையை அவிழ்த்து மடித்து வைத்தேன். இந்தக் கஜபதி, துணி மடித்தது! சரித்திரத்தில் குறித்து வைக்க வேண்டிய விஷயம்.

சௌம்யா கார் சாவியைச் சுற்றிக்கொண்டே நின்றாள். படி இறங்கும்போது, "மார்ச் முப்பத்தொண்ணு மாமா. மாறாது" என்றாள்.

மார்ச் 8, சனி

அய்யாசாமி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாந்தான் சொன்னேன்ல" என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ரம்பத்தை எடுத்து என் அரண்மனையின் காலை வெட்டினார். தனியாகக் கொத்தனார் வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால் சிமெண்ட் கலவை நான்தான் குழைத்தேன். இன்னும் கை விரிய மறுக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

உடம்பு வலி. எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வந்தாள். பத்து நாளைக்கு என்று சௌம்யாவிடம் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பையோடு. காபி போட்டாள். ஒரு கதவு கீலோடு கழன்று அவள் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுச் சர்க்கரை எங்கே என்று கேட்டாள்.

நிறத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். "காவி கட்டிக்கிட்டு சமைக்கிற மாதிரி இருக்குடா."

மார்ச் 31, திங்கள்

சௌம்யா போன் வரும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. அக்காவிடம் கேட்கலாமா என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் வெங்காயம் உரிக்கச் சொன்னாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அக்கா ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து நூம்பலுக்கு அனுப்பினாள். இரண்டு பஸ். வெயிலில் என் மண்டையில் தோசை ஊற்றியிருக்கலாம்.

சௌம்யா சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூக்குக் கண்ணாடி, சுடிதார் துணியில் தைத்த தலையணை உறை, நீலச் சேலை. கடைசி வரியில் நின்றாள்.

"ஸ்வெட்டரா? சித்திரை வெயில் வரப்போகுது மாமா. மார்கழிக்குத்தானே இதை எடுப்பாங்க?"

"எழுதிக் கொடுத்தா. நான் கேக்கல."

சௌம்யா உள்ளே போய் வர நேரமாயிற்று. கொண்டுவந்த ஸ்வெட்டரை மடியில் வைத்து, கைகளை உள்ளே மடக்கி, பட்டனெல்லாம் போட்டாள். பையில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு அதை முதலில் அடியில் வைத்தாள்.

"ராத்திரி மாத்திரை போடறாங்களான்னு பார்த்துக்கோ" என்றாள்.

சரி என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. தோள் வலிக்கிறது.