சனிக்கிழமைத் தண்ணீர்

அண்ணாச்சி,

உங்கள் மகன் நேற்று ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனான். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அலமாரியை ஒழித்தார்களாம். ஆபீஸ் சாமான் எனக்கு ஆகும் என்று மதினி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். உள்ளே காக்கி அட்டை போட்ட உங்கள் நோட்டு. அதைத் திறக்கும்வரை உங்களுக்காக அழுதுகொண்டிருந்தேன். திறந்ததும் அழுகை நின்றுவிட்டது.

நாம் ஒன்றாக வேலை பார்த்தது அறுபதுகளின் தொடக்கத்தில். வைப்பாற்றுப் படுகையில் எங்கே உப்பு, எங்கே நல்ல தண்ணீர் என்று அளந்து சொல்வதுதான் நம் வேலை. விருதுநகரில் ஒரு வாடகை வீட்டில் ஆபீஸ். நீங்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கிணற்றிலும் ஆற்று ஊற்றிலும் தண்ணீர் பிடித்து வருவீர்கள். நான் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு உப்பை அளப்பேன். மருந்து பட்டு விரலெல்லாம் கறுத்துவிடும். "மருதாணி நல்லா பிடிச்சிருக்கு தாயி" என்று கேலி செய்வீர்கள். பட்டாசு செய்யும் விஸ்வநத்தத்துக்காரர் அல்லவா, "எங்க ஊரு உப்பு வெடிக்கும், ஒங்க ஊரு உப்பு கரிக்கத்தான் செய்யும்" என்பீர்கள்.

அளந்ததை வைத்து ஒரு தகரத் தொட்டியில் ஆற்றையே செய்தோம். மணலும் களிமண்ணும் படுகையில் உள்ளபடியே போட்டு, ஒரு முனையில் நீலம் கலந்த உப்புத் தண்ணீரை விடுவோம். நீலம் எதுவரை போகிறதோ அதுவரை உப்பு வரும் என்று கணக்கு. அதைப் பார்த்து, ஆற்று மணலில் குடிதண்ணீர்க் கிணறு தோண்ட இடம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கிணறு. கடைசியில் இரண்டு ஊர்கள் மிஞ்சின. ஒன்று எங்கள் ஊர், இன்னொன்று மதினி பிறந்த ஊர்.

எங்கள் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறீர்கள்! ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் உலை வைத்தால் சோற்றுக்குத் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. குடிக்க மட்டும் ஆற்றில் ஊற்றுத் தோண்டி எடுத்து வருவார்கள். "அடுத்த வருசம் கிணத்து நல்ல தண்ணியில பொங்கிப் போடுவீக பாருங்க ஆத்தா" என்று அம்மாவிடம் சொன்னது நீங்கள்தானே? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் வீட்டில் தண்ணீரே உப்பு அண்ணாச்சி. நீங்கள் இரட்டிப்பாக நினைத்திருக்க வேண்டும்.

கடைசியாக எங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தீர்கள். சொட்டு விட விட உப்பு ஏறிக்கொண்டே போனது. போத்தலின் அடியில் ஒரு மிளகு கிடந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆடிக் கடைசி வெள்ளியன்று, மரு, கட்டி வந்தவர்கள் நேர்ந்துகொண்டு அம்மன் கோவிலுக்கு எதிரே அந்த ஊற்றில்தான் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். உப்புக் கரைவதுபோல நோயும் கரையும் என்று நம்பிக்கை. நாலு நாள் இறைத்து ஊற்றிய பிறகுதான் ஊரார் மறுபடி அதில் குடிக்க எடுப்பார்கள்.

தண்ணீர் பிடித்தது வெள்ளிக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன்.

"வியாழக்கெழமையே எடுத்துட்டேன் தாயி. சீட்டைப் பாரு. அது நான் கட்டிட்டுப் போன வெண்பொங்கல் மிளகு" என்றீர்கள். போத்தலில் ஒட்டிய சீட்டிலும் வியாழன்தான் இருந்தது. உங்கள் பேச்சு எனக்கு வேதவாக்கு.

தொட்டி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை தடவை தண்ணீர் விட்டாலும் நீலம் எங்கள் ஊரை எட்டவில்லை. தொட்டியில்தான் தப்பு, களிமண்ணைக் கொஞ்சம் நகர்த்து என்றீர்கள். நானே நகர்த்தினேன். நீலம் எங்கள் ஊரில் போய் நின்றது. கிணறு மதினி ஊருக்குப் போனது.

இப்போது நோட்டில் உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன். 'சனிக்கிழமை. ஆடி வெள்ளிக்கு மறுநாள். ஊற்றில் உப்பு, மிளகு.' அதற்குக் கீழே, 'சீட்டில் வியாழன் என்று எழுதவும்.'

மதினி ஊரிலும் பிள்ளைகள் உப்புத் தண்ணீரில் பொங்கிய சோற்றைத்தான் தின்றார்கள், எனக்குத் தெரியாதா? என்னிடம் கேட்டிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை விட்டும் கொடுத்திருப்பேன். கேட்காமல், என் விரலைப் பிடித்து என் கண்ணையே குத்திவிட்டீர்களே, பாவி மனுஷா. செத்தவரைத் திட்டக் கூடாதாம். நான் திட்டுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொன்னதே இல்லை. நம் அறிக்கையை மேலே அனுப்பிய அதே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா ஒரு செம்பு ஊற்றுத் தண்ணீரை நீட்டினாள்.

"நல்ல தண்ணிதான் தாயி, குடிச்சுப் பாரு. நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து குடிக்கேன்."

நான் செம்பை வாங்கவில்லை. நாக்குக்கு என்ன தெரியும், நான் அளந்து எழுதியிருக்கிறேன், இனி அதைத் தொடாதே என்று கடிந்துகொண்டேன். அம்மா நம்பிவிட்டாள். மகள் படித்தவளாயிற்றே. மறுநாளிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி அடுத்த ஊருக்கு நடந்தாள். ஊரே அந்த ஊற்றில் மொண்டு குடித்தது. அவள் மட்டும் சாகும்வரை அதில் ஒரு வாய் குடிக்கவில்லை. ஏன் இம்புட்டு தூரம் நடக்கிறாய் என்று வழியில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா பெருமையாகச் சொல்வாளாம்:

"எம் மக அளந்து சொல்லிருக்கா."