இருவருக்கும் பொதுவான எண்ணெய்

1908 மார்ச் 3, செவ்வாய்

மழை. வியாபாரம் மந்தம். மாலையில் தங்கராஜு நீளமான சாக்குப்பையோடு என் சிராங்கூன் சாலைக் கடைக்கு வந்தான். உட்லண்ட்ஸ் ரயிலடிக்கு அப்பால் ரப்பர்த் தோட்டத்தில் காவல்காரன். ஆணி, கம்பியெல்லாம் என்னிடம்தான் வாங்குவான். நான் தோட்டா கட்டி விற்பதும் அவனுக்குத் தெரியும். பைக்குள் ஒரு கிழட்டுத் துப்பாக்கி. தோட்டத்தில் புலி ஆடுகளைத் தூக்குகிறதாம். துரை இதை ஏலத்தில் எடுத்துக் காவல் காக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தோட்டா கொடுக்கவில்லை. துரைக்கு அது தோன்றவில்லை போல.

“இங்கிலீஷ் துப்பாக்கின்னு சொன்னாரு பாய்.”

இல்லை. என்னிடமிருந்த இங்கிலீஷ் தோட்டா உள்ளே போகாமல் வாயிலேயே நிற்கிறது. இரும்பில் கிரீடமும் 71 என்ற எண்ணும் பொறித்திருக்கிறது. ஜெர்மன் பட்டாளத்துச் சரக்கு என்று நினைக்கிறேன். நினைத்தால் போதாது, அளக்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து கந்தகத்தை உருக்கி, தோட்டா உட்காரும் அறைக்குள் ஊற்றினேன். ஆறியதும் அறையின் அச்சு மஞ்சள் கட்டியாக வெளியே வந்தது. என் மனைவி ருக்கையா மூக்கைப் பொத்திக்கொண்டு, “கடையா இது, நரகமா?” என்றாள்.

அச்சை எடுத்துக்கொண்டு பழைய பித்தளைக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிளறினேன். அதற்கு ஒத்துப்போகும் வெற்றுக் கூடுகள் ஒரு பிடி கிடைத்தன. சுடாத தோட்டா ஒன்றும் இருந்தது. அடியில் ஜெர்மன் எழுத்து. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 9, திங்கள்

சுடாத தோட்டாவைப் பிரித்தேன். காகிதம் சுற்றிய ஈயக் குண்டு, அதன்கீழ் அட்டை, மெழுகு வில்லை, மறுபடி அட்டை, அடியில் கருமருந்து. மெழுகில் ஏதோ கொழுப்புக் கலந்திருக்கிறது. என்ன கொழுப்பு? ஜெர்மன்காரனிடம் யார் போய்க் கேட்பது?

மார்ச் 10

வெறும் மெழுகில் வில்லை வெட்டினால் உதிர்கிறது. இளக்க எதையாவது சேர்க்க வேண்டும். சந்தையில் விற்கும் கொழுப்பு பன்றியா மாடா என்று விற்கிறவனுக்கே தெரியாது. பன்றி என்றால் நான் தொடமாட்டேன். மாடு என்றால் தங்கராஜு தொடமாட்டான்.

“தேங்காண்ணெ போட்டா?” என்றான், தோட்டா வாங்க வந்து உட்கார்ந்திருந்தவன்.

“அது ரெண்டு பேருக்கும் பாவமில்ல” என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தோம்.

தாராளமாகவே ஊற்றினேன். வில்லை வெண்ணெய் போல வந்தது. கூட்டின் அடியில் பொறி தட்டும் புதுக் கேப்பு, உள்ளே புது மருந்து. சிராங்கூன் சாலையில் சுட்டுப் பார்க்க முடியுமா? போலீஸ் வந்துவிடும். ஒரு தோட்டாவை மாதிரிக்கு அலமாரியில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 15

வெயில். மெழுகு உருகுகிற வெயில்.

மார்ச் 24, செவ்வாய்

அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன்: மாதிரித் தோட்டாவின் கீழே காகிதத்தில் எண்ணெய் வட்டம்.

பிரித்தேன். அட்டை ஊறிப்போய்விட்டது. மருந்து ஈரக் காப்பித்தூளாக இருக்கிறது. கொஞ்சம் எடுத்துப் பற்றவைத்தேன். புகைந்தது, அவ்வளவுதான்.

அவனுடைய தோட்டாக்களும் இதே சட்டியில் வந்தவைதானே. கடைசி ரயில் போய்விட்டது. யா அல்லாஹ், இப்ப நான் என்ன செய்வேன்? புலிக்குக் காவலா அவன் மரத்துப் பரண்ல உக்காந்திருப்பானே.

மார்ச் 25

காலை ரயிலில் உட்லண்ட்ஸ். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் தங்கராஜுவின் மனைவி கண்மணி விறகு பிளந்துகொண்டிருந்தாள். “அவருக்கு ஒண்ணும் ஆகலியே?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது. கோடாலியைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

பரணில் உயிரோடு இருந்தான்.

“நேத்து அந்திக்கு வந்துச்சு பாய். சுட்டேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். ஆட்டத் தூக்கிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிருச்சு. இன்னிக்கு விடமாட்டேன், வேற போட்டு வச்சிருக்கேன்.”

தோட்டாவை எடுக்கச் சொல்லிவிட்டு, குழல் வாயில் ஒரு கம்பியை விட்டேன். பாதி போய் நின்றது. நேற்றைய குண்டு உள்ளேயே இருக்கிறது.

போட்டு வைத்திருந்த தோட்டாவைப் பிரித்தேன். இதில் எண்ணெய் இறங்கவே இல்லை. மருந்து நன்றாகக் காய்ந்திருந்தது. அடைத்த குழலில் இதைச் சுட்டிருந்தால் துப்பாக்கி அவன் கன்னத்தில்தான் வெடித்திருக்கும். அதை அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தங்கராஜு, “சேர்ந்துதானே யோசிச்சோம் பாய்” என்றான். கண்மணி அந்தக் கம்பியை வாங்கி, குழலின்மேல் வைத்து அளந்து பார்த்தாள்.

மார்ச் 29

மெழுகை நீர்க்க உருக்கி, தடித்த காகிதத்தைத் தோய்த்து, அதை வட்டமாக வெட்டினேன். உதிரவில்லை. எண்ணெய் வேண்டியதே இல்லை. முதலிலேயே தோன்றியிருக்கலாம்.

ஏப்ரல் 4, சனி

புதுத் தோட்டாக்களை நானே கொண்டுபோனேன். புலி அக்கரையிலுள்ள ஜொகூருக்கு நீந்திப் போய்விட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். திரும்பியும் வரலாம்.

தங்கராஜு குண்டை வெளியே தட்டிக் குழலைத் துடைத்து வைத்திருந்தான். தோட்டாவை வாங்கக் கை நீட்டியவனைக் கண்மணி தடுத்தாள்.

“மொதல்ல பாய் சுடட்டும். அவரு கன்னத்துல வச்சு.”

தங்கராஜு அவளை அதட்டினான். வேண்டாம் என்றேன், அவள் கேட்டது நியாயம். இத்தனை வருஷம் தோட்டா கட்டி விற்றிருக்கிறேன், ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. எப்படிப் பிடிப்பதென்று தங்கராஜு சொல்லிக்கொடுத்தான். கண்ணை மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

மண்மேடு தெறித்தது. காதில் ஒரே இரைச்சல். கண்மணி கிட்டே வந்து என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிப் புருஷனிடம் கொடுத்தாள்.

“இப்ப நீங்க சுடுங்க” என்றாள்.

தோள் வீங்கியிருக்கிறது. ருக்கையாவிடம் இன்னும் சொல்லவில்லை.