டப்பா மாறின கேசட்

மார்ச் 3, ஞாயிறு

சகலை வந்தான். வீட்டுக்காரியோட தங்கச்சி புருஷன். இருபத்தெட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றான், ஒரே சண்டை. அவன் கட்சி பிளாக் சபாத். என் கட்சி டீப் பர்ப்பிள். ரெண்டும் வெள்ளைக்காரன் ராக் பேண்டு. பாடுறது ரெண்டு பேருக்கும் ஒரு வரி புரியாது. அதுவும் வசதிதான், கிதார மட்டும் கேக்கலாம்.

நான் லாரி ஓட்டினவன். என் பேண்டுல கிதார் வாசிக்கிற ஆளு காலி ரோட்டுல டாப் கியர் போட்டவன். அத்தனை வேகத்துலயும் ஒவ்வொரு சத்தமும் கண்ணாடி மாதிரி தனியா விழும். சகலையோட ஆளு முழு லோடு ஏத்திக்கிட்டு முதல் கியர்ல மேடு ஏறுறவன். மெதுவா, கனமா, தரை அதிரும். அந்த ஆளுக்கு ஃபேக்டரி மிஷின்ல ரெண்டு விரல் நுனி போச்சாம். பிளாஸ்டிக்குல தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சானாம். "மிஷின்ல கை குடுத்தவன்யா, நம்மாளு" — அதச் சொல்லும்போது மட்டும் சகலைக்குக் குரல் கம்மும். துணி மில்லுல தறி மெக்கானிக்கா இருந்தவனாச்சே.

ஏசி டிசி பேண்டுன்னா சண்டை கிடையாது. டவுசர் போட்ட தம்பி குதிப்பான், வண்டிய ஓட்டுறது பின்னாடி நிக்கிற அண்ணன். அதுல ரெண்டு பேருக்கும் சம்மதம். லெட் செப்பலின்காரன் கிளட்ச்ச பாதி மிதிச்சே ஓட்டுவான், இப்ப கவுத்துடுவான்னு இருக்கும், போய்ச் சேந்துடுவான். அதுலயும் சம்மதம்.

இன்னைக்கு ஒரு குறும்பு பண்ணேன். அவன் கேசட் டப்பாவுக்குள்ள என் கேசட்டப் போட்டு வச்சேன். டப்பாவ அவன் கண்ணுல காட்டிட்டுத்தான் ஓட விட்டேன். உடனே கண்டுபிடிப்பான், ஒரு மாசம் திட்டுவான்னு ஆசை.

கண்ண மூடித் தலையாட்டினான். "பாத்தியா சகலை, என்ன ஒரு நிதானம். உன் ஆளுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது."

என் ஆளு அப்போ தலைதெறிக்க ஓடிக்கிட்டிருந்தான்.

சிரிப்பு வரல.

மார்ச் 4, திங்கள்

ஒரு வருஷக் கிண்டலுக்குத் தாங்குற தீனி இது. யார்கிட்டயும் சொல்லல. "என்ன, வாய்க்கு இன்னைக்கு லீவா?"ன்னா வீட்டுக்காரி.

மார்ச் 10, ஞாயிறு

அவன் முதுகுக்குப் பின்னாடி நின்னு "யோவ் கிழட்டுக் கழுதை"ன்னேன். மத்த நாளா இருந்தா செருப்பு பறந்து வரும். ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தான். முன்னாடி போய் நின்னு கேட்டா டக்குனு பதில். என் உதட்டப் படிக்கிறான். எத்தனை நாளாவோ?

கொழுந்தியா போன் பண்ணா. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறார் மாமா. நான் என்ன தப்பு பண்ணேன்? ரெண்டு மாசமா இதான்."

முப்பது வருஷம் தறிக்கு நடுவுல நின்ன காது. பொண்டாட்டி அழுறா, அப்பவும் சொல்ல மாட்டேங்கிறானே. சொன்னா ஞாயித்துக்கிழமை போயிடும்னு பயமா? ஏன்டா, நான் தொரத்திடுவேனா?

மார்ச் 13, புதன்

நேராக் கேட்டா சண்டைக்கு வருவான். எனக்குத்தான் காது போச்சுன்னு சொல்லப் போறேன்.

மார்ச் 19, செவ்வாய்

துணைக்கு வாய்யான்னு கூப்பிட்டேன். "உனக்கு வாய்தானே நீளம், காதுக்கு என்ன கேடு?"ன்னு சந்தோஷமாக் கிளம்பினான்.

காது பாக்குற பொண்ணு ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டா பொத்தான அமுத்தச் சொல்லுது. என்னது முடிஞ்சதும், "வந்தது வந்தாச்சு, இவரையும் பாத்துடும்மா"ன்னேன். மொறைச்சான். ஆனா போய் உக்காந்தான்.

கண்ணாடி வழியாப் பாத்தேன். கட்டைவிரல் பொத்தான் மேலயே இருக்கு. ரொம்ப நேரத்துக்கு அமுத்தவே இல்ல. பஸ் வராத ஸ்டாப்புல நிக்கிற மாதிரி உக்காந்திருந்தான். பாக்க முடியாம, செவுத்துல மாட்டியிருந்த காது படத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.

வெளிய வந்து, "அந்தப் பொண்ணோட மிஷின் ரிப்பேரு"ன்னான். கொஞ்ச தூரம் நடந்து, "உனக்குத் தெரியுமா?"ன்னான்.

"எது?"

என் கையில இருந்த டெஸ்ட் சீட்டப் பிடுங்கிப் பாத்தான். எனக்கும் வலது காது பாதி போச்சாம், லாரி ஜன்னல் பக்கம். பொய் சொல்லப் போனா அது நெசமாயிடுச்சு. அவன் வீட்டு வாசல் வரைக்கும் சிரிச்சான். அந்தச் சிரிப்புக்கு அரைக் காது குடுக்கலாம்.

மார்ச் 30, சனி

சகலைக்கு காது மிஷின் வந்துடுச்சு. கொழுந்தியா அடுப்படியில இருந்து கூப்பிட்டா, வாசல்ல இருந்து "என்னடி"ங்கிறானாம். போன்ல அதையே மூணு தடவ சொன்னா.

ஏப்ரல் 7, ஞாயிறு

பத்து மணி. அவன் டப்பாவுக்குள்ள திரும்பவும் என் கேசட்டு. மாட்டிக்கணும், மாட்டிக்கணும்னு வேண்டிக்கிட்டே பொத்தான அமுத்தினேன்.

அவன் உக்காரக்கூட இல்ல. "யோவ் திருட்டு டிரைவரு. என் டப்பாவக் காட்டிட்டு உன் ஆள ஓட விடுறியா? நிறுத்துய்யா அந்தக் காலி லாரிய."

அரை மணி நேரம் திட்டினான். காது குளிர்ந்துச்சு, நல்ல காதுதான். அப்புறம் திடீர்னு நிறுத்திட்டு, "இதுக்கு முன்னாடியும் இப்படி மாத்திப் போட்டிருக்கியா?"ன்னான்.

"சேச்சே. இதான் முதல் தடவ."

என்னையே பாத்தான். மிஷினத் தொட்டு சரி பண்ணிக்கிட்டான்.

"பொய் சொன்னா உன் குரல் கீச்சுன்னு மேல போகுதே சகலை. இத்தனை வருஷமா எனக்கு இது கேக்காமப் போச்சே"ன்னான். சொல்லிட்டு அவன் கேசட்ட அவனே எடுத்துப் போட்டான்.