பெரகல வளைவில் பனிமூட்டம்

அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "அப்பா, நான் பெரகல சந்தியிலதான் நிக்கிறேன். இங்க நல்ல வெயில்."

இன்று காலை குழம்புக்கு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டியதும் அந்தப் பச்சை வாசம் எழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் லொறியின் வாசம் அது. வெலிமடையில் மூட்டை ஏற்றும்போதே ஒரு கிழங்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வீர்கள். வெட்டிய பக்கத்தை முன்கண்ணாடியில் தேய்த்துவிட்டால் மழை திரளாமல் வழியும், ஆவி படியாது. "ஆயிரம் சாமான் விக்கிறான், இதுக்கு ஈடு கெடையாது பாப்பா." கடைசி வருடம் வெயில் நாட்களிலும் தேய்த்தீர்கள். உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம். ஒரே மாதத்தில் வைப்பரை இரண்டு முறை மாற்றினீர்கள்.

நீங்கள் இல்லாமல் வருகிற மூன்றாவது பங்குனி இது. விடியும்போது ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்குப் போக முடிவதில்லை. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மூன்று மணிக்கு இடி. போனில் சூரியன் படம் காட்டும்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையில் தூறல் விழுகிறது. கீழே அம்பாந்தோட்டைப் பக்கமும் கடல் காற்று திசை மாறி மாறி வீசுகிறதாம். இந்த மாதங்களில் யார் எந்த ஊர் வானத்தைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பத்தான் வேண்டும், சரிபார்க்க வழியில்லை. பொய் சொல்ல வசதியான வானம். அதனால்தான் நான் உங்களை நம்பவில்லை.

வாரம் இரண்டு முறை கிழங்கும் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கடலோரம் இறங்குவீர்கள். மறுநாள் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த வருடம் மாசியிலிருந்து அது தவறத் தொடங்கியது. திரும்பும் வழியில், பெரகல ஏற்றத்துக்குக் கீழே கொஸ்லந்தையில் லொறியை ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிடுவீர்கள். "மேல ஒண்ணுமே தெரியல பாப்பா. ஒரே மூட்டம். கலைஞ்சதும் வாறேன்னு அம்மாகிட்ட சொல்லு." பொழுது சாய்ந்த பிறகுதான் வருவீர்கள்.

அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்து, சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். எனக்குக் கோபம் அந்த மூடி வைத்த சோற்றைப் பார்த்துத்தான் வந்தது.

பிறகு அந்தக் குடை. லொறியைக் கழுவும்போது சீட்டுக்குப் பின்னால் கிடைத்தது. ஊதாப் பூப்போட்ட பெண்கள் குடை. அம்மாவுடையது கறுப்பு.

"இது யாருதுப்பா?"

"யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க."

"லொறியிலயா?"

"ஏன், லொறியில ஏறுறவங்க மழையில நனையணுமா?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பண்டாரவளையில் போட்டோகொப்பிக் கடையில் வேலை. போக வர பஸ்ஸில் கதைப் புத்தகம். ஒரு குடையைப் பார்த்து ஒரு வீட்டையே கட்டிவிட அது போதும். மனதுக்குள் கடலோரத்தில் ஒரு வீடு கட்டினேன். அதில் ஒரு பெண்ணை வைத்தேன். வாசலில் செம்பருத்தி கூட நட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கடையில் வீணான தாள்களைத் தைத்து ஒரு கொப்பி செய்தேன். இடது பக்கம் நீங்கள் போனில் சொன்ன வானம். வலது பக்கம் வெல்லவாய பஸ் கண்டக்டர்களிடம் விசாரித்து எழுதிய வானம். "பெரகலையில எப்படி இருந்துச்சு அண்ணே?" என்று தினமும் கேட்பேன். ஒருவர், "என்ன தங்கச்சி, ரேடியோவில வேலை கெடைச்சிருச்சா?" என்று கேலி செய்தார். இடதும் வலதும் பொருந்தவே இல்லை. எனக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கண்டக்டர் பேச்சு போதாது என்று ஒரு சனிக்கிழமை நானே பெரகலைக்கு இறங்கினேன். சந்தியில் தேநீர்க் கடை வாசலில் நின்றேன். கீழே வெல்லவாயச் சமவெளி கடைசி வரை துலக்கமாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடு, கடலாக இருக்கலாம். கடைக்காரரான முஸ்லிம் நானாவுக்கு உங்களைத் தெரியும்.

"அப்பாவையா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க மகள்? நிழலுக்கு வாங்க. இன்னைக்கு மண்டையைப் பொளக்குது வெயில்."

அப்போது போன் அடித்தது.

"பாப்பா, கொஸ்லந்தையில நிக்கிறேன். பெரகல பக்கம் சுத்தமா அடைச்சிருக்கு. ஒரே வெள்ளை. வர லேட்டாகும்."

உங்கள் குரலில் நடுக்கம் இல்லை. இவ்வளவு இயல்பாகப் பொய் சொல்ல முடிகிறதே என்று நினைத்தேன். அந்த ஒரு வரி நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நீங்கள், "வெயிலா? என்ன பாப்பா சொல்ற?" என்று கேட்டிருப்பீர்கள்.

"சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்தேன். கொப்பியில் எழுதினேன். இடது பக்கம்: வெள்ளை. வலது பக்கம்: நானே பார்த்தேன், வெயில்.

அன்று நாலு மணிக்கு மேல் உண்மையாகவே மழை கொட்டி, மூட்டம் ரோட்டில் இறங்கியது. அந்த மழைக்குள் ஆறு மணிக்கு லொறியைக் கொண்டு வந்து, லயத்துக்குக் கீழே பிசகாமல் நிறுத்தினீர்கள்.

"இந்த மழையில எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மழையில பரவாயில்ல. ரோடு நல்லா தெரியுது. பகல்லதான் பொகை மாதிரி வந்து மறைச்சிருது."

அம்மா சோற்றுத் தட்டை வைத்தபடி, "ஊருக்கெல்லாம் ஒரு வானம். ஒங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு" என்றார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். இப்படிப் பொருந்தாத பொய்யைச் சொல்கிறாரே என்று எனக்குப் பட்டது.

அடுத்த செவ்வாய் பதினொரு மணிக்கு மறுபடி கூப்பிட்டீர்கள். கடையில் கூட்டம். பெரகலையிலிருந்து வந்து நின்ற பஸ்ஸின் கூரை வெயிலில் மின்னியதை அப்போதுதான் பார்த்திருந்தேன்.

"மூட்டமா இருக்கு பாப்பா. பொறுத்து வரட்டா?"

"மத்த லொறியெல்லாம் வருதுல்லப்பா. ஒங்களுக்கு மட்டும் என்ன மூட்டம்?"

"அதுவும் சரிதான்" என்றீர்கள். "வாறேன்."

நீங்கள் என்னோடு பேசிய கடைசிச் சொல் அது.

போன வாரம் அம்மாவைப் பதுளைக்குக் கண் காட்டக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரையாம். டாக்டர் கேட்டதற்கு அம்மா சொன்னார்: "வெயில் அடிச்சா எல்லாம் வெள்ளையா பொகை மாதிரி ஆயிருதுங்க. மப்பு போட்டா கொஞ்சம் தேவல." டாக்டர் எழுதிக்கொண்டே, "ஆமாம்மா, சில பேருக்கு அப்பிடித்தான். வெளிச்சம் கூடக் கூடப் பார்வை மங்கும். மெல்ல மெல்ல வாறதால கண்ணுலதான் கோளாறுன்னே தெரியாது" என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "ஒங்கப்பா சொன்ன மாதிரியே இல்ல?"

"ஆமாம்மா" என்றேன். கொப்பியைப் பற்றிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துப் படித்தேன். நீங்கள் மூட்டம் என்ற ஒவ்வொரு நாளும் வலது பக்கத்தில் வெயில். வலது பக்கத்தில் மூட்டம் என்றிருக்கும் நாட்களில் நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள். இரண்டு மாதம் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். உங்களைப் பிடிக்க எழுதியதால் அது கண்ணில் படவில்லை.

அந்தக் கடலோர வீட்டை இடித்துவிட்டேன். ஆனாலும் குடை யாருடையது என்பது இன்றும் தெரியாது. மழையில் நின்ற யாரையாவது ஏற்றி இறக்கியிருப்பீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். சில நாள் பழைய சந்தேகம் தலையைத் தூக்கும், அதையும் மறைக்கவில்லை. மாலையில் இடி இடித்தால் அந்தக் குடையைத்தான் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து வருகிறேன். ஒரு கம்பி வளைந்திருக்கிறது. சரி செய்யவில்லை. அன்று பெரகலையில் விழுங்கிய அந்த ஒரு வரியும் கூடவே வருகிறது.

அந்தச் செவ்வாய், கொஸ்லந்தைக்கு மேலே மூன்றாவது வளைவில் உங்கள் லொறி திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது. பின்னால் வந்த வேன்காரர் விசாரணையில், "மெதுவாத்தான் போனாரு. பிரேக்கை மிதிக்கவே இல்ல" என்று சொன்னார். அப்போது பகல் பதினொன்றரை மணி. ரோடு காய்ந்து கிடந்தது. மூட்டம் எதுவும் இருக்கவில்லை.