பனங்கொட்டையும் பாயொட்டியும்

அன்ரி,

நேற்று உங்கட தம்பி வந்து உங்கட பன்புல் பாயை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். மார்ச் மாதம் நீங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியதிலிருந்து அது ஏழாம் மாடியில், உங்கட அலுமாரிக்குள் சுருண்டு கிடந்ததாம். அவர் இப்போது அஜக்ஸுக்கு வீடு மாறுகிறார். பாயை விரித்ததும் காய்ந்த பன்புல்லின் வாசம் எழும்பி எங்கட ஹோல் முழுக்க நிறைந்தது. இப்போது அம்மா அதில் காலை நீட்டி இருந்து வெங்காயம் உரிக்கிறா. கண்ணீருக்குக் காரணம் வெங்காயமாம். நானும் நம்பினமாதிரி இருக்கிறேன்.

இதே அம்மாதான் இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் வருஷம் எனக்குக் கட்டளை போட்டவ: “உந்த மட்டக்களப்பு மனிசி வீட்டுப் பாயில இருந்திடாதை. வசிய மருந்து போட்டு ஒட்டிப்போடுவினம்!” மட்டக்களப்புக்குப் போன யாழ்ப்பாணத்து ஆம்பிளையள் திரும்பி வராததற்கு எங்கட ஆக்கள் கட்டிவைத்த கதை அது. உங்கட ஊராருக்குப் ‘பாயொட்டி’ என்று பட்டம் வந்ததும் அதிலிருந்துதான். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் எங்கட வீடு எரிந்தபோது அம்மா நகையை விட்டா, தையல் மெஷினை விட்டா, கலியாணப் படத்தை விட்டா. இந்தக் கதையை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் டொரோண்டோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தா.

போன வருஷம் மே மாதம் எனக்குப் பதினைந்து வயது. வாயும் வாலும் ஒரே நீளம். ஜூலை முதலாம் திகதி, கனடாவின் பிறந்தநாளுக்கு, பார்க்கில் பெண்களின் கயிறிழுப்புப் போட்டி. எங்கட கட்டடத்து அன்ரிமார் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஏழு பேர் யாழ்ப்பாணம், எட்டாவது ஆள் நீங்கள். அம்மாவோடு ஃபாக்டரியில் பெட்டி தூக்கும் உங்கட கைகளை எல்லாருக்கும் தெரியும். அதனால் உங்களைச் சேர்த்தார்களே தவிர, ஒருத்தரும் உங்கட வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை.

அந்த மே கடைசியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு உங்கட வீட்டில் நின்ற என்னைக் கூட்டிப்போக அம்மா வந்தா. சோபா நிறையத் தோய்த்த உடுப்பு. “இரிங்க கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்றீர்கள், ‘கா’ போட்டுக் கூப்பிடுகிற உங்கட ஊர்ப் பேச்சில். வேறு வழியில்லாமல் அம்மா பாயின் ஓரத்தில், முட்டையில் இருப்பதுபோல இருந்தா. அந்த ஓரத்தில்தான் நான், அம்மாவின் கதையை மெய்யாக்கிப் பார்க்க, இரண்டு பக்கமும் பசை உள்ள கார்ப்பெட் டேப் ஒரு முழம் ஒட்டி வைத்திருந்தேன். அம்மா எழும்பினா. பாயும் கூடவே எழும்பியது.

அம்மா குளறின குளறலில் லிஃப்ட் ஏழாம் மாடியில் தானாக நின்றது. நீங்கள் டேப்பைப் பார்த்தீர்கள். பிறகு என் ஜாக்கெட் பொக்கற் உருண்டையாக வீங்கியிருந்ததைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. என் வாய் ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, டேப்” என்று அம்மா மற்ற அன்ரிமாரிடம் அளந்தா. “எங்களைப் பகிடி பண்ணவெண்டே ஒட்டி வைச்சிருக்கிறா. உவையின்ர புத்தி எங்க போகும்?” பாய் ஒட்டியது, கட்டடம் உங்களை வெட்டியது. லிஃப்டில் உங்களைக் கண்டால் அன்ரிமார் அடுத்த லிஃப்டுக்கு நின்றார்கள். கயிறிழுப்புப் பட்டியலிலிருந்து உங்கட பெயர் போனது.

உடுப்புத் தோய்க்கிற அறையில் உங்களைப் பிடித்து, “ஏன் அன்ரி என்னைக் காட்டிக்குடுக்கேல்லை?” என்று கேட்டேன். நீங்கள் மெஷினுக்குள் துணியைத் திணித்துக்கொண்டே சொன்னீர்கள்: “நான் சொன்னா உன்ட அம்மா நம்புவாவா கா? எங்கட ஊருக்குக் கவர்மெண்ட் கந்தோர் வேலைக்கு வந்த உங்கட ஆக்கள் எங்கட வீட்டில தண்ணி கூடக் குடிக்கல்ல. இஞ்ச பனி கொட்டுற ஊருக்கு வந்தும் அதேதான். அவவுக்கு ஒரு சாட்டு வேணும், நீ குடுத்திட்டாய். ஒட்டினது நீ, மறுகா கழட்டுறதும் நீதான்.” உங்கட குரலில் கோபம் இருந்தது. என்மேல் மட்டும் உள்ள கோபம் இல்லை அது. எனக்கு முன்னமே பிறந்த கோபம்.

ஐந்து கிழமை நான் கழட்டவில்லை. ஜோக் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். உண்மை சொல்ல ஐந்து கிழமை காணாது.

ஜூலை முதலாம் திகதி வந்தது. அன்ரிமார் சேலைக்கு மேலே சிவப்பு ரீசேர்ட், கையில் மேப்பிள் இலைக் கொடி. தேசிய கீதத்துக்கு அம்மா நெஞ்சில் கை வைத்து நின்றா. பாதி வரி தெரியாது, ஆனால் சத்தம் முழுசு. “இந்த நாடு ஊர் பார்க்காது, பேர் பார்க்காது, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும்” என்று பக்கத்தில் நின்றவவுக்குப் பிரசங்கம். பிறகு விசில்காரன் வந்து எண்ணினான். ஏழு. எட்டுப் பேர் இல்லாவிட்டால் போட்டியில் இல்லை என்றான்.

நீங்கள் தூரத்தில், மரத்தடியில், அதே பாயில் தம்பியோடு இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் போய் அறிவிப்பாளனிடமிருந்து மைக்கைப் பறித்தேன். “கனடா எல்லாரையும் சேர்க்குமாம். எங்கட அம்மாவின்ர கயிறுதான் சேர்க்காதாம். அன்ரிமாரே, அந்த டேப்பை ஒட்டினது நான். மிச்ச உருண்டை இன்னும் என்ர கட்டிலுக்குக் கீழ கிடக்கு. ஏழாம் மாடி அன்ரிக்கு ஒண்டும் தெரியாது.” பார்க் முழுக்கக் கேட்டது. விளங்கியது எங்கட ஆக்களுக்கு மட்டும்.

அம்மா முதலில் என் காதைத் திருகினா. பிறகு கையை எடுத்துவிட்டு, உங்களிடம் நடந்து வந்தா. “வாருங்கோ. ஆள் குறையுது.”

“ஆள் குறையுதெண்டா மட்டும் கூப்பிடுறீங்களா கா?”

அம்மா கொடியைச் சுருட்டினா, விரித்தா. “பிழை விட்டிட்டன்.”

“அப்ப இரிங்க. ஏழு பேரும்.”

இருந்தார்கள்! சிவப்பு ரீசேர்ட் ஏழும் ஒரு பாயில், மிளகாய்ப்பழம் காயப்போட்டதுபோல. விசில்காரன் ஊதி ஊதிக் களைத்தான். நீங்கள் ஆறுதலாக ஃபிளாஸ்க் தேத்தண்ணியை ஊற்றி, கடைசி ஆள் குடித்து முடியும்வரை எழும்பவில்லை.

பிறகு கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு சொன்னீர்கள்: “எங்கட கண்ணகி கோயில்ல ரெண்டு கொம்பக் கொளுவிக் கயிறு கட்டி இழுக்கிற நாளில ஊரே ரெண்டாப் பிரியும். வடசேரி தென்சேரிய ஏசும், தென்சேரி வடசேரிய ஏசும். மனசில கிடக்கிறது வாயால போனாத்தான் கை கயித்தப் பிடிக்கும். ஏசுங்க கா!”

அன்ரிமார் கயிற்றை மட்டும் பிடித்தார்கள். விசில் அடித்தது. எதிரே அதற்கு முந்தின வருஷம் வென்ற பக்கத்துக் கட்டடப் பெண்கள். ஒரே இழுவையில் எங்களை மூன்றடி கொண்டுபோனார்கள்.

“பனங்கொட்டை!” என்று, யாழ்ப்பாணத்தாருக்கு உங்கட ஊர் வைத்த பட்டத்தை, நீங்கள் பின்னாலிருந்து கத்தினீர்கள்.

அம்மாவுக்குச் சுரீரென்றது. “பாயொட்டி!” என்று திருப்பிக் கத்தினா. கத்தின வேகத்தில் கயிறு ஒரு அடி எங்கட பக்கம் வந்தது.

பிறகென்ன! “பனங்கொட்டை!” ஓரடி. “பாயொட்டி!” இன்னோரடி. நூறு வருஷமாக முதுகுக்குப் பின்னால் சொன்ன இரண்டு சொல்லும் அன்றைக்கு முகத்துக்கு நேரே, தாளத்தோடு. எதிர்ப்பக்கம் அதை ஏதோ போர்ப்பாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். கடைசி இழுவையில் அவர்கள் எட்டுப் பேரும் புல்லில் விழுந்தார்கள். எங்கட மற்ற ஏழு பேரும் அதே நேரம் ஒருத்தருக்கு மேல் ஒருத்தராக உங்கட மேல் விழுந்தார்கள்.

அறிவிப்பாளன் ஓடிவந்து எந்த நாடு என்று கேட்டான். ஏழு வாயும் பூட்டு. வீட்டை எரித்த நாட்டின் பெயரை அம்மா அன்றுவரை உச்சரித்ததில்லை. குவியலுக்கு அடியிலிருந்து உங்கட குரல்தான் எங்கட கட்டடம் நிற்கிற பேட்டையின் பெயரைச் சொன்னது: “டோர்செட் பார்க்!”

அன்று பின்னேரம் அம்மாவிடம் நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. “வெண்டதுக்காக எல்லாம் முடிஞ்சு போகல்ல கா. அஞ்சு கிழமைக் கோவம் என்னட்டக் கிடக்கு. வந்து வந்து குடிச்சுத்தான் தீர்க்கணும்.” அம்மா போனா. கிழமைக்கு மூன்று தேத்தண்ணி. ஆஸ்பத்திரிக்கும் ஃபிளாஸ்க்கோடு போனா.

இந்த வருஷம் உங்கட இடத்தில் நான். எனக்கு அந்த எடை இல்லை, சத்தம் இருக்கிறது. போன சனி பயிற்சிக்கு மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருத்தரும் வந்தா. கயிற்றைத் தொடாமல் ஓரமாக நின்றா. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை நான் அவவிடமும் கேட்டேன்: “அக்கா, அங்க எங்கட ஆக்கள் உங்களை என்ன சொல்லி ஏசினவை? இழுக்கிறதுக்குத் தேவை.”

அவ அம்மாவைப் பார்த்தா. நிலத்தைப் பார்த்தா. “கள்ளத்தோணின்னு சொல்வாங்க. இந்தியாவுல இருந்து திருட்டுத் தோணியில வந்தவங்களாம்.”

அந்தச் சொல்லை அம்மாவும் சொல்லியிருப்பா, முகத்திலேயே எழுதியிருந்தது. பிறகு அம்மா மெல்லச் சொன்னா: “நான் ஆரோ ஒருத்தியின்ர பாஸ்போட்டில, மூண்டு நாடு ஒளிச்சு இஞ்ச வந்தனான் பிள்ளை. எனக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும். நீ முன்னுக்கு வா. அதை நான் கத்துறன்.”

அக்கா வந்து கயிற்றைப் பிடித்தா. அம்மா தன்னையே சொல்லிக் கத்தினா, அன்ரி. எங்களுக்குள்ளேயே அதுதான் பெரிய சத்தம். கயிறு என் இடுப்பை அறுத்துக்கொண்டு பின்னால் வந்தது. நான் விடவில்லை.