கவிழ்ந்த பேழைக்கு முதல் பரிசு

ப்ளம் க்ரீக், மிசௌரி
11 மார்ச் 2019

மருமகள் ஜெனெலுக்கு,

வில்மா எழுதுவது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். உன் அம்மா வீட்டுப் பழக்கம் அது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சபை மண்டபத்தில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் அறிவியல் போட்டி. என் பேத்தி திர்சா, பிரளயத்தில் மிதந்த நோவாவின் பேழையைச் சின்னதாகச் செய்து வைத்திருந்தாள். அட்டைப் பலகையில் மேலே வேத வசனம். எல்லாப் பிள்ளைகளும் ஒரு வசனம் வைத்தே ஆகவேண்டுமே. கீழே, "பேழை எல்லா அலைகளையும் தாங்கி மிதந்தது" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி.

எது மிதந்தது? அதை மிதக்கவிட்டுப் பார்த்த அன்று உங்கள் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நானும்தான் நின்றேன். உன் புருஷன் ராட்னி பலகையால் முதல் அலையைத் தள்ளியதுமே பேழை தலைகுப்புறக் கவிழ்ந்தது. பொம்மை ஒட்டகச்சிவிங்கி முங்கிப்போனதென்று சின்னவன் ஆசா அழுதான். கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தது யார்? நான்தானே?

அதனால்தான் நடுவர் முதல் பரிசின் நீல நாடாவைக் குத்தும்போது எழுந்து, "அது கவிழ்ந்துச்சுங்க, என் கண்ணால பாத்தேன்" என்றேன். நீ என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க அத்தை, மானம் போகுது" என்றாய். திர்சாவின் முகத்தைப் பார்த்தாயா? பரிசு வாங்கிய பிள்ளையின் முகமா அது?

எட்டாம் வகுப்புகூட முடிக்காதவள் நான். ஆனால் நினைவு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் பொய்யைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள் என்று, என் அடுப்படியில் நான் சுட்ட கேக்கைத் தின்றுகொண்டே சொன்னாய். இப்போது அந்தச் சிரமத்தையும் நீயே எடுத்துக்கொண்டாய். அடுத்த மாதம் மாநிலப் போட்டியில் அவள் நடுவர்கள் முன்னால் நின்று இந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்லவேண்டும். பதினொரு வயசுப் பிள்ளை. அதை நான் நடக்க விடமாட்டேன்.

வில்மா

*

16 மார்ச் 2019

அன்புள்ள அத்தைக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக. ஆசாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. கோழிகள் மறுபடி முட்டையிடத் தொடங்கிவிட்டன.

நீங்கள் செய்தது சரியில்லை. அத்தனை குடும்பங்களுக்கு முன்னால் உங்கள் மகனைப் பொய்யராக்கினீர்கள். அவர் சபையில் மூப்பர். வேதம் சொன்ன அளவில் செய்த பேழை கவிழ்ந்தது என்று வசனத்துக்குக் கீழேயே எழுதி வைத்தால், மற்றப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? போதகரின் மனைவி என்னை ஓரமாய்க் கூப்பிட்டு, "உங்க மாமியாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல?

கல்யாணத்தன்று என் உடையைப் பார்த்து ஜன்னல் திரை என்றீர்கள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வீட்டுக்கு ஒரு தலைவர் இருக்கிறார். அவர் முடிவு செய்ததை நான் மாற்ற முடியாது. நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை இங்கே வரவேண்டாம் என்கிறார்.

உங்கள் மருமகள்
ஜெனெல்

*

19 மார்ச் 2019

ஜெனெல்,

ஜன்னல் திரை என்று சொன்னேன்தான். திரை மாதிரிதான் இருந்தது. அது கிடக்கட்டும்.

"அவர் முடிவு செய்ததை" என்று எழுதியிருக்கிறாயே, என்ன முடிவு செய்தான்? பலகையில் அந்த வரியை எழுதியது யார்? நீயா, அவனா? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். சபைக்காரிகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லாதே.

மன்னிப்பா? ஆறு வயதில் பக்கத்துப் பண்ணைத் தர்ப்பூசணியைத் தின்றுவிட்டு, நாய் தின்றது என்று சொன்னவன் அவன். நாய்க்கு அடி விழுந்தது. நான் மறக்கவில்லை. நாயும் சாகும்வரை மறக்கவில்லை, அவனைக் கண்டாலே உறுமும்.

வில்மா

*

8 ஏப்ரல் 2019

அத்தை,

பயந்துகொண்டுதான் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதியது அவர்தான்.

திர்சா முதலில் "பேழை கவிழ்ந்தது" என்றுதான் எழுதியிருந்தாள். ஏன் கவிழ்ந்தது என்றும் அவளே கண்டுபிடித்திருந்தாள். நோவாவிடம் ஸ்கேல் இல்லை, நாமும் விரலால் அளப்போம், பத்து முழத்துக்கு ஒரு விரல் அகலம் என்று இவர்தான் சொன்னார். நீளத்தையும் உயரத்தையும் இவர் விரலை வைத்து அளந்தார்கள். அகலத்துக்கு வந்தபோது ஆசா, "என் விரலு, என் விரலு" என்று அழுதான். பாவம் என்று திர்சா அவன் விரலை வைத்து அளந்துவிட்டாள். நாலு வயதுப் பிள்ளையின் விரல்! பேழை உயரத்தைவிட ஒடுங்கிப்போய்விட்டது, பிறகெப்படி நிற்கும்?

"அம்மா, வசனம் தப்பில்ல, ஆசா விரலுதான் தப்பு!" என்று குதித்தாள். வேறொன்று செய்து மிதக்கவிடுகிறேன், இரண்டையும் வைப்போம் என்றாள். இவர் நேரமில்லை என்று சொல்லி, அவள் எழுதியதன்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி இதை எழுதினார். "அப்பா, அது கவிழ்ந்துச்சே?" என்றாள். "பேழை கவிழாது, கண்ணு" என்றார். நான் பக்கத்திலேயே பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றேன்.

போன சனிக்கிழமை மாநிலப் போட்டி. எதிர்த்துப் பேசினால் தகப்பனைக் கனம்பண்ணாத பாவம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நடுவர் குனிந்து, "எல்லா அலையையும் தாங்குச்சாம்மா?" என்று கேட்டார்.

"அது எங்கப்பா எழுதுனது, சார். பக்கத்துலயேதான் நிக்கிறாரு, அவரையே கேளுங்க" என்றாள்.

நடுவர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். நான், "கவிழ்ந்துச்சு, சார்" என்றேன்.

பரிசு இல்லை. அன்றிலிருந்து இவர் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் திர்சா ஜெபம் சொன்னால் ஆமென்கூடச் சொல்வதில்லை.

ஜெனெல்

*

12 ஏப்ரல் 2019

மகளே ஜெனெல்,

பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றாயே, அதற்கு உன்மேல் கோபம் இருக்கிறது. ஒரு வருஷமாவது இருக்கும், என் குணம் அது. ஆனால் மார்ச் மாதம் உன்னைத் திட்டியதெல்லாம் முகவரி மாறி வந்துவிட்டது. நேற்று விதைக் கடையில் ராட்னியைப் பிடித்து, உரியவனிடம் சேர்த்துவிட்டேன்.

"அம்மா, இங்க வேண்டாம், ஆளுங்க இருக்காங்க" என்றான்.

"ஊரையே கூட்டிவச்சுப் புள்ளைய பொய் சொல்லச் சொன்னியே, அப்ப ஆளுங்க இல்லையா?" என்றேன்.

"நான் விசுவாசத்தக் காப்பாத்துனேம்மா."

"கர்த்தர் வந்து கேட்டாராடா உன்கிட்ட, ஏ ராட்னி, என் கப்பல் முங்குது, கொஞ்சம் முட்டுக்கொடுன்னு?"

கல்லாவில் நின்ற பெண் சிரித்துவிட்டாள். அவன் விதை மூட்டையை எடுக்காமலே வெளியே போய்விட்டான். போகட்டும்.

ஈஸ்டருக்குப் பன்றித்தொடை வேகவைக்கிறேன். நீயும் பிள்ளைகளும் வரவேண்டும். வண்டிச்சாவியை அவன் தராவிட்டால் சொல், நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன். வாசலில் என்னை நிறுத்திப் பார்க்கட்டும்.

என்னிடம் அவன் ஒன்றும் கேட்கவேண்டாம். தன் மகளை நிமிர்ந்து பார்த்து, "நீ சொன்னதுதான் சரி, கண்ணு" என்று சொல்லட்டும். அன்றைக்கு அவனுக்கும் தட்டு வைப்பேன். அதுவரை என் வீட்டு மேசையில், அவன் அப்பா உட்கார்ந்த தலைப்பக்கத்து நாற்காலியில் திர்சாதான் உட்காருவாள். ஜெபமும் அவள்தான் சொல்வாள். ஆமென் சொல்ல நாம் இருக்கிறோம்.

வில்மா